முட்டி வலிக்கும் பயணி

பினாங்கு
9 செப்டம்பர் 1973

அன்புள்ள வேம்பு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை. கப்பலின் கணக்கறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

எங்கள் 'மூன்ஃபிளவர்' கப்பலைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். இதில் வருகிறவர்கள் பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். காலையில் ஓர் ஊரில் இறங்கிக் கோயிலோ கோட்டையோ பார்ப்பார்கள். சாயந்திரம் கப்பலுக்கே திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். மறுநாள் வேறு ஊர். கொழும்பும் சென்னையும் அவர்களுக்குச் சலித்துவிட்டதாம். புதிதாக ஓர் ஊர் வேண்டும் என்று மிஸஸ் லிம் இன்று கூட்டம் போட்டார். எந்த ஊரில் கப்பல் நிற்கலாம் என்று முடிவு செய்கிற சீன அம்மாள் அவர். என் தோளுக்குத்தான் வருவார். ஆனால் காப்டனே அவர் முன்னால் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

நான் ஏதோ பேப்பரில் கையெழுத்து வாங்கப் போனவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நாகப்பட்டினம்!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸஸ் லிம் மட்டும் சிரிக்காமல், "அங்கே கக்கூஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது மேடம்" என்றேன். இருக்கிறதுதானே?

வேம்பு, கேள். அந்த ஊர் தேறிவிட்டால் சீசனில் மாதாமாதம் கப்பல் அங்கே நிற்கும். கரையிலிருந்து கவனித்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று மிஸஸ் லிம் வாயாலேயே சொல்லிவிட்டார். ஊரோடு வேலை! ராத்திரி நம் வீட்டுச் சோறு!

அதற்கு முன்னால் யாராவது அந்த ஊரைப் பார்த்து எழுதவேண்டும். என் மனைவி டீச்சர் டிரெய்னிங் முடித்தவள், இங்கிலீஷ் தெரிந்தவள், எழுதுவாள் என்று சொல்லியிருக்கிறேன். மிஸஸ் லிம்மின் முறை இதுதான். ஊர்க்காரியாகப் பார்க்கக் கூடாது. முட்டி வலியுள்ள வயதான அம்மாள் ஒருத்தி இறங்குகிறாள் என்று வைத்துக்கொண்டு, அவளாகப் பார்க்கவேண்டும். இறங்கும்போது பயமாக இருக்கிறதா? இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது என்ன? எங்கே உட்காருவாள்? எங்கே ஒதுங்குவாள்? நேரத்துக்குத் திரும்ப முடியுமா? மறுபடி வர ஆசைப்படுவாளா?

உள்ளதை எழுது. கொஞ்சம் சர்க்கரை தூவினால் தப்பில்லை.

உன்,
செல்லதுரை

*

மேலக்கொல்லை, குடவாசல் வழி
2 அக்டோபர் 1973

அன்புள்ள அத்தான்,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. வந்த கடிதத்திலும் "சாப்பிட்டாயா" என்று ஒரு வார்த்தை இல்லை, எடுத்த எடுப்பில் வேலை. கல்யாணமான ஐந்தாம் மாதம் "ஒரே வருஷம்" என்று சொல்லிக் கப்பலேறியவர் நீங்கள். உங்கள் ஒரு வருஷம் இரண்டரை வருஷமாகிவிட்டது. நன்றாகக் கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் கடிதத்தைப் பிரித்தேன். 'ஊரோடு வேலை' என்ற இடம் வந்ததும் கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. அந்த வரியை அத்தைக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன்.

முட்டி வலியுள்ள அம்மாளுக்கு நான் எங்கே போவது? வீட்டிலேயே இருந்தார். உங்கள் அம்மாவை நடவுக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லி, முதல் பஸ்ஸில் நாகப்பட்டினம் அழைத்துப் போனேன். என்னோடு டிரெய்னிங் படித்த நாகூர் நூர்ஜஹானை உங்களுக்குத் தெரியும். அவள் அத்தா அப்துல் வஹாபுக்குச் சொந்தப் படகுகள் இருக்கின்றன. பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் கரைக்கு வரவேண்டும். இதை மிஸஸ் லிம்மிடம் சொன்னீர்களா, விழுங்கிவிட்டீர்களா?

வஹாப் மாமா எங்களைக் கடலுக்குள் கொண்டுபோய், கப்பலிலிருந்து வருகிறவர்களைப் போலவே திருப்பிக் கொண்டுவந்தார். அத்தை என் கையை விடவேயில்லை. "ஏண்டி, வெள்ளக்காரி காசு குடுத்தா இந்த ஆட்டம் ஆடப் போறா?" என்று கேட்டார். ஆனால் தூரத்தில் நாகூர் தர்கா கோபுரங்கள் வெள்ளையாக எழுந்து நின்றபோது கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்கு முழு மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இறங்குகிற இடத்தில் இரும்பு ஏணி. பாசி பிடித்து வழுக்குகிறது. அத்தையால் ஏற முடியவில்லை. படகுக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிக் கரையில் வைத்தார்கள். "நெல்லு மூட்டையத் தூக்குற மாதிரி தூக்கிப்புட்டானுவ" என்று திருவாரூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் கண்ணில் படுவது கருவாட்டுக் குவியல். அதற்குப் பின்னால் ஒரு பூட்டு. அந்தப் பூட்டுப் போட்ட கதவுதான் நீங்கள் "இருக்கிறது மேடம்" என்று சொன்ன கக்கூஸ். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். உட்கார நிழல் இல்லை. அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்த ஊருக்கு வர்றவ எல்லாத்தையும் வூட்டுலயே முடிச்சிட்டு வரணும்னு எழுதுடி."

அத்தான், இன்றைய நிலையில் உங்கள் ஊர் தேறாது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. ஆனால் சர்க்கரை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள், என்னிடம் கிடையாது. சீசனுக்கு இன்னும் மூன்று நாலு மாதம் இருக்கிறதே. ஏணியை மாற்ற முடியாதா, கதவைத் திறக்க முடியாதா, நிழல் போட முடியாதா? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நூர்ஜஹான் என்னைவிடத் துடிக்கிறாள்.

மறந்துவிட்டேன். சாப்பிட்டீர்களா?

வேம்பு

*

கொழும்பு
11 நவம்பர் 1973

அன்புள்ள வேம்பு,

சாப்பிட்டேன், சாப்பிட்டேன்! இனிமேல் முதல் வரியே அதுதான்.

உன் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி மிஸஸ் லிம்மிடம் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே, இங்கொன்றும் அங்கொன்றுமாக லேசாகத் தட்டிச் சரிசெய்தேன். ஏணியை "பழமை மாறாத இறங்குதுறை" என்று எழுதினேன். கருவாட்டை "உள்ளூர் மீனவர் வாழ்க்கை" ஆக்கினேன். கதவு "திறக்கப்பட இருக்கிறது". அம்மா சொன்னதை மட்டும் எழுதவில்லை.

நடந்தது என்ன தெரியுமா? ஜனவரி முப்பதாம் தேதி கப்பல் நாகப்பட்டினத்தில் நிற்கப் போகிறது! சோதனைக்கு ஒரு நாள். நாற்பது பேரைக் கரையில் இறக்குவார்கள். மிஸஸ் லிம்மும் கூட இறங்குவார். தாராசுரத்தில் கல்லால் செய்த தேர் இருக்கிறது, குதிரை இழுக்கிறது, தட்டினால் பாடுகிற படிக்கட்டு இருக்கிறது என்று நான் அடித்து விட்டதில் எல்லாரும் மயங்கிப் போனார்கள். அதனால் பஸ்ஸில் தாராசுரம் போய்த் திரும்பவேண்டும்.

நான் கப்பலில்தான் இருக்கவேண்டும். டியூட்டி. ஆனால் பயணிகள் நாலு மணிக்குள் திரும்பிவிட்டால், கப்பல் புறப்படும்வரை எனக்குக் கரையில் இறங்க அனுமதி உண்டு. எழுதி வாங்கிவிட்டேன். இரண்டு மணி நேரமாவது கிடைக்கும். அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே வந்து நில். என்ன பேசுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. சிரிப்புத்தான் வருகிறது.

செல்லதுரை

*

மேலக்கொல்லை
5 டிசம்பர் 1973

அன்புள்ள அத்தான்,

பழமை மாறாத இறங்குதுறையாம்! நீங்கள் கப்பலுக்குப் போனதற்குப் பதில் மேடையில் பேசப் போயிருக்கலாம். முப்பதாம் தேதி என்று படித்ததும் அத்தை எழுந்து போய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். நீங்கள் மறுநாளே வருவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஏணிக்கு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. வஹாப் மாமா ஒரு மர நாற்காலிக்கு நாலு பக்கமும் கயிறு கட்டி, மேலே உருளை வைத்து, ஆளை உட்காரவைத்து இழுக்கிறார். அத்தையை ஏற்றிப் பார்த்தோம். ஏறியவர் இறங்கமாட்டேன் என்றார், இன்னொரு தடவை இழுக்கச் சொன்னார். ஒதுங்கும் இடத்துக்குக் கீற்று வைத்துப் புதிதாகவே தடுத்துவிட்டோம். அதற்குப் பூட்டே கிடையாது. கருவாட்டை அந்த ஒரு நாள் தள்ளிக் காயவைக்க ஒப்புக்கொண்டார்கள்.

நிழலுக்குத்தான் ஆள் தேடினோம். நெல் வியாபாரி பஞ்சநதம் இருக்கிறார். கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் இல்லாமல் நடக்காது. "நாலு கீத்து போட்டா போதும்ங்க" என்றேன். "கடல் கடந்து வர்றவங்களுக்கு நாலு கீத்தா? பந்தலே போட்டுடுவோம்மா!" என்றார். வரவேற்புக் குழு என்று ஒன்று அமைத்து அவரே தலைவராகிவிட்டார். நல்ல மனுஷர்.

இரண்டு கஷ்டங்கள். ஒன்று, தாராசுரம். நானும் அத்தையும் போய்ப் பார்த்தோம். அந்தக் கல் சக்கரத்தின் முன்னால் அத்தை வெகுநேரம் நின்றார். இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு இதுவரை பார்த்ததில்லையாம். ஆனால் தூரம், அத்தான். காலையில் ஒரு நிமிஷம்கூட வீணாகாமல் புறப்பட்டால்தான் நாலு மணிக்குள் திரும்ப முடியும். திருவாரூர் கோயிலோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

இன்னொன்று, அறுப்பு. சம்பா நன்றாக விளைந்திருக்கிறது. கூலிப் பேச்சு முறிந்துவிட்டது. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுக்கப் போவதாக மிராசுதார்கள் சொல்கிறார்கள். வலங்கைமான் பக்கம் இப்போதே கொடி ஏறிவிட்டது. இங்கே என் அண்ணன் வீரையன்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். தை பிறந்தால் சாலை மறியல் என்று பேசிக்கொள்கிறார்கள். அத்தையும் கொடி பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

வேம்பு

*

பினாங்கு
6 ஜனவரி 1974

அன்புள்ள வேம்பு,

சாப்பிட்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை.

தாராசுரத்தை மாற்ற முடியாது. பயணிகளுக்குக் கொடுக்கிற அட்டையில் தேர்ப் படமே போட்டுவிட்டார்கள். திருவாரூரோடு நிறுத்தினால் என் வார்த்தைக்கு என்ன மரியாதை?

மறியல் என்றாயே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. கப்பலில் ஓர் அம்மாள் பத்திரிகையில் தஞ்சாவூர் ஜில்லா என்று படித்துவிட்டு, அங்கே கலவரமாமே என்று என்னிடம் கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். வீரையன் மச்சானிடம் சொல். ஒரே ஒரு நாள், முப்பதாம் தேதி மட்டும், கொடியை மடித்து வைக்கச் சொல். அம்மாவையும் வீட்டில் இருக்கச் சொல். மறுநாள் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். நான் ஊரோடு வந்து சேர்வதற்காக இந்த ஒன்றை உன்னால் கேட்க முடியாதா?

செல்லதுரை

*

மேலக்கொல்லை
16 ஜனவரி 1974

அத்தான்,

முடியாது.

அறுப்பு நாளில்தான் கூலி கேட்க முடியும். அறுத்துக் களத்தில் அடித்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது? இது உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கூலியில்தான் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள். நாம் குடியிருக்கிற மனைக்கு அத்தை பேரில் பட்டா வந்திருக்கிறதே, அது யாரோ கொடியை மடித்து வைத்ததால் வந்ததா? அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அத்தையிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டவும் இல்லை. பாதியை விட்டுவிட்டுப் படித்தேன்.

முப்பதாம் தேதி கரையில் இருப்பேன். நாற்காலி இருக்கும், பந்தல் இருக்கும். மற்றதை அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

நீங்கள் வருகிறீர்கள் என்று நினைத்தால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. என்ன நிறச் சட்டை போட்டிருப்பீர்கள்?

வேம்பு

*

மேலக்கொல்லை
31 ஜனவரி 1974

அன்புள்ள அத்தான்,

நேற்று நீங்கள் வந்தீர்கள். என் கண்ணெதிரே கடலில் நின்றீர்கள். ஆனால் கப்பலைத்தான் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்தாகவேண்டும். வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் நூர்ஜஹான், "வந்திருச்சுடி!" என்று கத்தினாள். வெள்ளை வெளேரென்று அந்தக் கப்பல்! நான் குதித்தேன், அத்தான். டீச்சர் வேலைக்குக் காத்திருக்கிறவள் நாலு பேர் பார்க்கக் குதிக்கலாமா? குதித்தேன். படகுகள் வந்தன. நாற்காலியில் முதல் அம்மாள் ஏறி வந்ததும் கீழே படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு தாத்தா இன்னொரு முறை இழுக்கச் சொன்னார். கீற்றுத் தடுப்பைப் பார்த்துவிட்டு வந்த மிஸஸ் லிம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கருவாடு இல்லை. இளநீர் இருந்தது. அந்த அரை மணி நேரம் நாம் ஜெயித்திருந்தோம்.

அப்புறம் பந்தல். நான் கேட்டது நிழல். பஞ்சநதம் பந்தல் போட்டார். பந்தல் இருக்கிறதே என்று மேடை போட்டார். மேடை இருக்கிறதே என்று மைக் வைத்தார். மைக் வந்த பிறகு பேசாமல் இருக்க நம் ஊரில் யாரால் முடியும்? தலைமையுரை, முன்னிலை வகித்தவர் உரை, வரவேற்புரை, வாழ்த்துரை. அலையே வருக, கலையே வருக என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். முதல் உரை முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் கை தட்டிவிட்டு எழுந்தார்கள். உட்காரவைத்தார்கள். இரண்டாவது முடிந்ததும் எழுந்தார்கள், மறுபடி உட்காரவைத்தார்கள். பிறகு பொன்னாடை. நாற்பது பேருக்கும், ஒவ்வொருவராகப் பேர் சொல்லி. அந்தப் பேர்களைச் சொல்வதற்குள் மைக்செட்காரரே வியர்த்துப் போனார்.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன். "ஐயா, பஸ்ஸு கெளம்பணும்ங்க. நேரமாச்சுங்க" என்று கெஞ்சினேன். "இரும்மா. வந்தவங்கள வாழ்த்தாம அனுப்புனா ஊருக்கில்ல அசிங்கம்!" என்றார். அவர் கண்ணில் அத்தனை சந்தோஷம். அவரோடு சண்டை போடக்கூட எனக்கு மனசு வரவில்லை. மிஸஸ் லிம் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நம் இரண்டு மணி நேரம் அங்கே பேச்சாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பஸ் புறப்பட்டது. திருவாரூர்க் குளத்தைப் பார்த்து எல்லாரும் ஜன்னல் பக்கம் எழுந்தார்கள், நிறுத்த நேரமில்லை. குடவாசலுக்கு முன்னால் சாலை முழுக்கச் சிவப்புக் கொடி. ஒரு நெல் லாரியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்தது. திரும்பி, "நெல்லு லாரியத்தான் மறிக்கிறோம், விருந்தாளிய இல்ல. வழி வுடுங்கப்பா!" என்றது. எல்லாரும் எழுந்து ஒதுங்கினார்கள். அவ்வளவுதான், பஸ் போய்விட்டது. மறியல் செய்தவர்கள் நம்மை விட்டுவிட்டார்கள், அத்தான். வரவேற்றவர்கள்தான் விடவில்லை.

பஸ் நகரும்போது அத்தை கொடியோடு ஓடிவந்தார். "எந்த ஜன்னல்லடி இருக்கான் எம் மவன்?" என்று கேட்டார். "அவரு கப்பல்லயே இருக்காருங்க அத்தை, சாயந்தரந்தான் வருவாரு" என்றேன். "அப்ப நானும் வர்றேன்" என்று கொடியோடு ஏறி, காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் மிஸஸ் லிம். அவருக்கும் முட்டி வலியாம். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல் இரண்டு பேரும் முட்டியைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள்.

குடவாசல் வருவதற்குள் மிஸஸ் லிம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இனிப் போனால் நேரத்துக்குத் திரும்ப முடியாது. தேரும் இல்லை, பாடுகிற படியும் இல்லை. கொஞ்ச தூரம் வந்த வழியே பின்னாலேயே போனோம். சாலையின் இரண்டு பக்கமும் வாய்க்கால், பஸ் திரும்ப இடமில்லை. மறுபடி மறியல்காரர்கள்தான் வந்தார்கள். காலியாகக் கிடந்த களத்துக்குள் பஸ்ஸை விடச் சொல்லி, "ஒடிங்க, ஒடிங்க, இன்னும் ஒடிங்க!" என்று பத்துப் பேர் கத்தித் திருப்பிவிட்டார்கள். பொன்னாடை போட்ட தாத்தா அவர்களுக்குக் கைகூப்பினார்.

துறைக்கு வரும்போதே நாலு மணி தாண்டிவிட்டது. காற்று எழுந்துவிட்டது. காலையில் எல்லாரையும் சிரிக்கவைத்த நாற்காலி ஊஞ்சலாக ஆடியது. ஓர் அம்மாள் அதிலிருந்து படகில் கால் வைக்கும்போது படகு விலகிவிட்டது. வஹாப் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மாள் குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசிப் படகு. மிஸஸ் லிம் என்னைத் தனியாக அழைத்தார். "நீ இந்த ஊர்க்காரி. உன் கணவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். இப்போது நீ சொல். மறுபடி கப்பலை அனுப்பட்டுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "வேண்டாம், மேடம்" என்றேன். ஏணிக்கு நாற்காலி போடலாம், காற்றுக்கு என்ன போடுவது? பார்க்கவேண்டியது தூரத்தில் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு வரவேற்கத் தெரியும், சீக்கிரம் அனுப்பத் தெரியாது. முட்டி வலியுள்ளவரை இங்கே இறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் படகில் இறங்கினார்.

"என்னாடி சொன்ன?" என்று அத்தை கேட்டார். "வேணாம்னு சொல்லிட்டேங்க." அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் நகர ஆரம்பித்ததும்தான் எழுந்தார். கையில் இருந்ததை ஆட்டிக்கொண்டே நின்றார். நான் அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு அழுதேன்.

நீங்கள் வரும் வழியை நானே அடைத்துவிட்டேன். திட்டுவதானால் கடிதம் முழுக்கத் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வேம்பு

*

பினாங்கு
17 பிப்ரவரி 1974

அன்புள்ள வேம்பு,

சாப்பிட்டேன். இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அன்றைக்கு நான் மேல்தட்டில் நின்றேன். நீலச் சட்டை, நானே இஸ்திரி போட்டது. அம்மாவுக்குத் தைலமும் உனக்கு 'வாயில்' துணிப் புடவையும் பையில். நாலு மணியானது. படகு இல்லை. ஐந்தும் ஆனது. கரை சின்னக் கோடாகத்தான் தெரிந்தது. ஆள் எதுவும் தெரியவில்லை. கப்பல் நகர்ந்தபோது அந்தக் கோட்டில் சிவப்பாக ஏதோ ஒன்று அசைந்தது. பஞ்சநதத்தின் தோரணம் என்று நினைத்து மனசாரத் திட்டினேன். ராத்திரி மிஸஸ் லிம்தான் சொன்னார், அது என் அம்மா கையில் இருந்த கொடி என்று.

நான் மடித்து வைக்கச் சொன்ன கொடி, வேம்பு. அன்று என் ஊரில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கணக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ வேண்டாம் என்று சொன்னதையும் அவரே சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், முதலில் உன்மேல் பயங்கரக் கோபம். பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. பிறகு உன் கடிதம் வந்தது. அந்த அம்மாளின் கால் தவறிய இடத்தைப் படித்தேன். கோபம் போய்விட்டது. நான் அங்கே இருந்திருந்தால் "ஒன்றுமில்லை மேடம், லேசான காற்று" என்று சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

நாகப்பட்டினம் தேறவில்லை. எழுதி மூடிவிட்டார்கள். இப்போது மூச்சைப் பிடித்துக்கொள். முந்தாநாள் மிஸஸ் லிம் கூப்பிட்டார். "எத்தனையோ துறைமுகத்தில் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் உன் மனைவி. அதுவும் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே சொன்னாள். அவள் எனக்கு வேண்டும்" என்றார்! அடுத்த சீசனுக்கு முன்னால் மலாயா, சுமத்ரா, சயாம் கரையில் புதுத் துறைகளைப் பார்த்து எழுதவேண்டும். சம்பளம் உண்டு. இந்தக் கப்பலிலேயே இடம் உண்டு. நான் இருக்கும் கப்பலில், வேம்பு!

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. ஒரு வருஷம் என்று சொல்லி ஏமாற்றியவன். டீச்சர் வேலைக்குப் பதிந்து காத்திருக்கிறாய், அம்மா தனியாக இருப்பார். அதனால் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். தந்தியாவது அடி.

உன்,
செல்லதுரை

*

நாகப்பட்டினம்
9 ஜூன் 1974

அன்புள்ள அத்தான்,

'வருகிறேன்' என்று ஒரே வார்த்தையில் தந்தி அடித்த பிறகு மூன்று மாதம் பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததில் கடிதம் எழுதவே முடியவில்லை. நூர்ஜஹான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பினாங்கு போகிற பயணிக் கப்பல் நாலு நாள் கழித்து வருகிறது. இந்தக் கடிதம் விமானத் தபாலில் எனக்கு முன்னால் வந்து சேரும்.

கூலி உடன்படிக்கை கையெழுத்தாகி அறுப்பும் அப்போதே முடிந்தது. அண்ணன் இப்போதுதான் சிரிக்கிறது. அத்தையை அண்ணன் வீட்டில் இருக்கச் சொன்னேன். "பட்டா எம் பேருல இருக்கு, நான் ஏன்டி இன்னொருத்தன் வூட்டுல இருக்கணும்?" என்று கேட்டுவிட்டார். கூடவே வாருங்கள் என்றும் கெஞ்சிப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் விடப் போகிறார்கள், குறுவை நடவு வருகிறது, வரமாட்டாராம். பஸ் ஏற்றிவிட வந்தவர், என் முட்டியை ஒரு தட்டுத் தட்டி, "போற எடத்துல ஏணி ஏறயில எறங்கயில எல்லாம் என்னைய நெனச்சிக்க. அப்பத்தான் சரியா எழுதுவ" என்றார். அந்தப் பஸ்ஸில் திருவாரூர்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

பஞ்சநதம் என்னை வழியனுப்ப ஒரு கூட்டம் போடட்டுமா என்று கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்போது நான்தான் பயணி. அதே பாசி பிடித்த ஏணியில் இறங்கித்தான் படகேறப் போகிறேன். பயமாக இருக்கிறது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருக்கிறது, ராத்திரி தூக்கமே வரவில்லை.

பினாங்குத் துறை எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதவேண்டாம். உங்கள் சர்க்கரை எனக்குத் தெரியும். மிஸஸ் லிம் எனக்குக் கொடுத்த முதல் துறைமுகம் அதுதான் என்று நானே வைத்துக்கொண்டேன். இறங்கும்போது பயமாக இருக்கிறதா, எங்கே உட்காரலாம், எல்லாவற்றையும் பார்த்து எழுதுவேன். இந்த முறை கரையில் நிற்கவேண்டியவர் நீங்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு முன்னாலேயே வந்து நில்லுங்கள். இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது நீங்களாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தத் துறைமுகம் தேறாது, அத்தான். வேண்டாம் என்று எழுதிவிடுவேன்.

வேம்பு